எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை ஆறாம் வசனம் தாண்டி வாசியுங்கள்

போதகர் ஐயா அவர்களுக்கும், மூப்பர் குழுவில் இருக்கும் சகோதரர்களுக்கும்,

என் தம்பியை கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் பண்ணிய மூன்றாம் நாள், பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று நீங்கள் எபிரெயர் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தீர்கள். நான்காம் வசனத்தில் தொடங்கினீர்கள். ஒருதரம் பிரகாசிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்து, பிறகு மறுதலித்துப்போனவர்களை "மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்" என்ற இடத்தில் நிறுத்தினீர்கள். வேதாகமத்தை மூடினீர்கள். "நம்ம சகோதரர் இப்போ எங்க இருக்காருன்னு நான் சொல்லத் தேவையில்லை, வசனமே சொல்லுது" என்றீர்கள்.

கூடத்து மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். 79 வயது. காது மந்தம், பக்கத்தில் போய்ப் பேசினால்தான் கேட்கும். நீங்கள் மைக் இல்லாமலே மைதானத்துக்குப் பேசிப் பழகியவர். அந்த ஒரு வாக்கியம் அம்மாவுக்கு முழுதாகக் கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து பதினோரு மாதமாக எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிகிறது. அம்மா எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம புள்ள எங்க இருக்கான்?" என்று கேட்கிறார். கல்லறையைக் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன இடத்தைக் கேட்கிறார்.

இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். ஒன்றை உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். பதில் வரவில்லை. போன மாதம் பதிலுக்குப் பதிலாக ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்று ஆராதனைகளிலும் வாசிக்கப்பட்டு, வாட்ஸ்அப் குழுக்களிலும் போடப்பட்டது. சபையை விட்டுப் பாரம்பரியச் சபைகளுக்குத் திரும்பிப் போனவர்கள் விசுவாசத்தை மறுதலித்தவர்களாக எண்ணப்படுவார்கள். அவர்கள் வீட்டுத் திருமணத்திலும் துக்கத்திலும் விசுவாசிகள் பங்கெடுக்கக்கூடாது. திரும்பி வர விரும்பினால் மேடையில் அறிக்கை செய்து மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். அதே ஞாயிறு, 17 வயதான என் தம்பி மகனை கீபோர்டிலிருந்து எழுப்பிவிட்டீர்கள். அப்பா பின்மாற்றக்காரர் (விசுவாசத்தில் பின்வாங்கியவர்) என்றால் பிள்ளை மேடையில் இருப்பது சாட்சிக்கு இடறல் என்றீர்கள்.

அதனால்தான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நீங்களும் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னீர்கள்.

உங்கள் சபைக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அப்பா பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். தம்பிக்கு மூன்று மாதத்தில் ஞானஸ்நானம், பதினாறு வயதில் திடப்படுத்தல், இருபத்தைந்து வயதில் குடி. அவன் குடித்துவிட்டு வியாசர்பாடிப் பாலத்தடியில் கிடந்த நாட்களில் எங்கள் ஆலயத்திலிருந்து ஒருவரும் எங்கள் படியேறவில்லை. நீங்கள் ஏறினீர்கள். 1998-இல் ஒரு உபவாசக் கூட்டத்தில் அவன் அழுதுகொண்டே முன்னே போனான். அடுத்த மாதம் உங்கள் சபைத் தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. 23 ஆண்டுகள் உங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கியது அவன். முடியாத தாய்மார்களை அயனாவரத்திலிருந்தும் ஓட்டேரியிலிருந்தும் தன் ஆட்டோவில் காசு வாங்காமல் ஏற்றி வந்ததும் அவன். அவன் மறுபடியும் பிறந்தான் என்று நீங்கள் சொன்னபோது நான் ஒத்துக்கொண்டேன். என் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஆலயப் போதகரான ஐயர் அதை "உணர்ச்சிவசப்படுதல்" என்றபோது அவரிடம் சண்டை போட்டதும் நான்தான்.

பிறகு சிறுநீரகம் போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சபை ஜெபித்தது. சுகம் வரவில்லை. "அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்கு" என்று ஒரு மூப்பர் அவன் காதுபடவே சொன்னார். அதற்குப் பிறகுதான் அவன் அம்மாவோடு எங்கள் பழைய ஆலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காரத் தொடங்கினான். ஏன் வந்தாய் என்று நான் கேட்டேன். மூப்பர் சொன்னதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா ரெண்டு மணி நேரம் நின்னு பாட முடியலக்கா. இங்க உக்காரலாம்" என்றான்.

ஐயா, நீங்கள் விசுவாச துரோகம் என்று பெயர் வைத்தது இதற்குத்தான்.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. ஞாயிறுபள்ளியில் 26 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு இறையியல் கல்லூரி நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் மூன்று வசனத்தில் முடித்துவைத்த வழக்கு சபை வரலாற்றில் ஒருநாளும் முடியவில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மறுபடியும் பிறப்பதிலிருந்தே தொடங்குகிறேன். யூதத் தலைவனான நிக்கொதேமுவிடம் இயேசு பேசிய அந்த இடத்தில் யோவான் எழுதியிருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு "மறுபடியும்" என்றும் பொருள் உண்டு, "மேலிருந்து" என்றும் பொருள் உண்டு. நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு தாயின் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்டுத் தடுமாறுகிறான். "ஜலத்தினாலும் ஆவியினாலும்" என்று வருவதை ஞானஸ்நானம் என்றே கத்தோலிக்கரும் லுத்தரன்களும் எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் விழும் அந்த நேரத்திலேயே தேவன் புதுப்பிறப்பைத் தருகிறார் என்பது அவர்கள் விசுவாசம். மனந்திரும்பிய பிறகுதான் ஞானஸ்நானம் என்று பாப்டிஸ்டுகள் சொல்கிறார்கள். ஆவியானவர் முதலில் உயிர்ப்பிக்காவிட்டால் ஒருவனால் விசுவாசிக்கவே முடியாது, ஆகவே பிறப்பு முதலில், விசுவாசம் பிறகு என்பார்கள் கால்வின் வழி வந்தவர்கள். நீங்கள் தேதி கேட்கிறீர்கள். "எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்கம்மா?" என்று உங்கள் மூப்பர் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து இயேசப்பாவத் தெரியும்" என்று அம்மா சொன்னதற்கு அவர் வைத்த பெயர் நாமக் கிறிஸ்தவள். அதே அதிகாரத்தில்தான் இயேசு காற்றைப் பற்றிச் சொல்கிறார்: அதின் சத்தத்தைக் கேட்கிறாய், ஆனால் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று உனக்குத் தெரியாது, ஆவியினால் பிறந்தவன் அப்படியே இருக்கிறான். தெரியாது என்று அவரே சொன்ன இடத்தில் நீங்கள் நாள்காட்டியை நீட்டுகிறீர்கள்.

இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற கேள்வி இதைவிடப் பழைய சண்டை. என் வீட்டுக்குள்ளேயே நடந்த சண்டை. தாத்தா ராயப்பேட்டை வெஸ்லி ஆலயத்து மெதடிஸ்ட். கிருபையிலிருந்து விழ முடியும், விழுந்தால் எழவும் முடியும் என்பது வெஸ்லியின் போதனை. பாட்டி ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் படித்தவர். தேவன் ஒருமுறை பிடித்த கையை விடவே மாட்டார் என்று, இயேசு தம் ஆடுகளைப் பற்றிச் சொல்லும் யோவான் பத்தாம் அதிகாரத்தை எடுத்து வைப்பார்: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." தாத்தா எபிரெயரைத் திறப்பார், பாட்டி ரோமர் எட்டைத் திறப்பார். இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்துதான் வாழைப்பழம் எடுப்பார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையில் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது தாத்தா அந்த வளாகத்தில் நின்றவர். அன்று ஒன்றாகச் சேர்ந்த ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டும் பிரெஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் வைத்திருந்தவர்கள் அல்ல. பதில் ஒன்றாகும் வரை பந்தியில் உட்கார மாட்டோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இன்னொன்றை அந்த நூலகத்தில் படித்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸ் 1609-இல் இறந்த பிறகு, அவர் வழி வந்தவர்கள் நெதர்லாந்தில் 1610-இல் ஐந்து கூற்றுகளை எழுதி முன்வைத்தார்கள். மெய்யான விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற ஐந்தாவது கூற்றில், வேதத்திலிருந்து இன்னும் நன்றாக ஆராய்ந்த பிறகே இதை முழு நிச்சயத்தோடு போதிக்க முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். விழ முடியும் என்ற கட்சிக்கே பிற்காலத்தில் பெயரானவர்கள் அவர்கள். 1618-19இல் டார்ட் நகரத்தில் கூடிய சங்கம் அவர்களை மறுத்து, தேவன் தம்முடையவர்களை முடிவு வரை காப்பார் என்று தீர்மானித்தது. இத்தனை பெரிய படிப்பாளிகள் ஒரு பக்கம் தயங்கியும் ஒரு பக்கம் வாதாடியும் நின்ற இடத்தில், மூன்று நாள் துக்கத்தில் இருந்த ஒரு தாயின் முன்னால் நீங்கள் தயங்கவில்லை.

அம்மாவுக்கு இந்தப் பெயர்களெல்லாம் வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொன்னேன். என்னோடு பள்ளியில் வேலை பார்த்த திருவல்லிக்கேணித் தோழி, தென்கலை வைஷ்ணவர், எப்போதோ சொன்னது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் விழும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலைக்கு மர்க்கட (குரங்கு) நியாயம், தென்கலைக்கு மார்ஜார (பூனை) நியாயம். அவர்களுடைய சரணாகதியும் நம்முடைய இரட்சிப்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பிடிப்பது யார் என்ற கேள்வி இந்த ஊர் மண்ணுக்குப் புதிதில்லை என்றுதான் சொல்கிறேன். அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் கைய விட்டிருந்தாலும் அவரு விட்டிருக்க மாட்டாரு இல்ல?" என்று கேட்டார். பதினோரு மாதத்தில் அன்று ஒரு ராத்திரி தூங்கினார்.

இனி மறுதலிப்புக்கு வருகிறேன். கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். கிறிஸ்தவர்களில் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். மறுதலிப்பு என்றால் அது மறுதலிப்பு. துன்பம் ஓய்ந்ததும் அவர்கள் சபை வாசலில் வந்து அழுதார்கள். ரோமில் நொவேஷியன் என்ற குரு அவர்களுக்குக் கதவைத் திறக்கக்கூடாது என்றார். கார்த்தேஜில் 251-இல் அந்நகர ஆயர் சிப்ரியன் தலைமையில் ஆயர்கள் கூடி, மனந்திரும்புகிறவர்களை அவர்கள் தவம் செய்யும் காலம் முடிந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். சபை சிப்ரியனோடு போனது. நொவேஷியன் பிரிந்து போனார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம், சாகும் தருவாயில் இருக்கும் ஒருவருக்குக் கடைசி நற்கருணையை (இராப்போஜனத்தை) மறுக்கக்கூடாது என்று பதின்மூன்றாவது விதியில் எழுதிவைத்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று உங்கள் மூப்பர் ஒருவருக்குத் தெரியும். தம்பி கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் பார்க்க வந்தார். "அண்ணே, எனக்கு இராப்போஜனம் குடுங்க" என்று தம்பி கேட்டான். என்னிடம் கேட்கவில்லை, எங்கள் ஐயரிடம் கேட்கவில்லை, உங்களிடம் கேட்டான். சபையை விட்டுப் போனதை முதலில் மேடையில் அறிக்கை செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். எழுந்து உட்கார முடியாதவனிடம் மேடை என்றார். மறுநாள் எங்கள் ஐயர் வந்து கொடுத்தார். அப்பத்தை விழுங்க முடியவில்லை. திராட்சரசத்தில் நனைத்து நாக்கில் வைத்தார். ஐந்து நாளில் போய்விட்டான். தெய்வங்களுக்குத் தூபம் போட்டவனுக்கே சாகும்போது சபை மறுக்காத ஒன்றை, ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததற்காக என் தம்பிக்கு மறுத்திருக்கிறீர்கள்.

சுற்றறிக்கையில் சொல்லும் இரண்டாம் முழுக்கைப் பற்றி. பச்சைக் குழந்தைக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை, ஆகவே வளர்ந்த பிறகு கொடுப்பது மறுஞானஸ்நானம் ஆகாது என்பது உங்கள் தரப்பு. எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது, பாப்டிஸ்டுகள் அதற்காகச் சிறைக்கும் போயிருக்கிறார்கள். இப்போது நீங்கள் கேட்பது வேறு. நீங்களே, உங்கள் தொட்டியிலேயே, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் முழுக்கியவர்களை மறுபடியும் முழுக்கச் சொல்கிறீர்கள். முதல் முறை நீங்கள் கொடுத்தது ஞானஸ்நானம் இல்லையா? திரித்துவ நாமத்தில் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்கக்கூடாது என்று 314-இல், இன்றைய பிரான்சிலுள்ள ஆர்ல் நகரில் கூடிய சங்கம் சொன்னது. 1982-இல் லீமாவில் உலகத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் அதையே மறுபடியும் எழுதினார்கள். சங்கங்களை நீங்கள் ஏற்க வேண்டாம். "ஒரே ஞானஸ்நானமும் உண்டு" என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை ஏற்கிறீர்கள் அல்லவா?

நீங்கள் வாசித்த வசனத்தோடும் இது ஒட்டவில்லை. எபிரெயர் ஆறு என் தம்பி போன்றவர்களைப் பற்றியது என்றால், புதுப்பிக்கிறது கூடாதகாரியம். எத்தனை முறை தொட்டியில் இறக்கினாலும் பயனில்லை. முழுக்கினால் சரியாகும் என்றால், அந்த வசனம் அவர்களைப் பற்றியது இல்லை. துக்க வீட்டில் ஒன்றும் சுற்றறிக்கையில் ஒன்றுமாக இரண்டையும் நீங்கள் சொல்ல முடியாது.

நான் சொல்வதற்காக நீங்கள் உங்கள் போதனையை மாற்ற வேண்டாம். விழ முடியும் என்று நம்புகிறவர்களில் என் தாத்தாவும் ஒருவர், அதைச் சொல்லி ஜனங்களை விழிப்பாக இருக்கச் சொல்வது போதகரின் வேலைதான். உயிரோடு இருக்கிறவனுக்கு அந்த வசனம் எச்சரிக்கை. அதை எழுதியவர் அப்படித்தான் எழுதினார். எச்சரித்த கையோடு ஒன்பதாம் வசனத்தில் அவர் குரல் மாறுகிறது: "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்." அடுத்த வசனம், பரிசுத்தவான்களுக்கு ஊழியஞ்செய்தவர்களின் அன்புள்ள பிரயாசத்தை "மறந்துவிடுகிறதற்குத் தேவன் அநீதியுள்ளவரல்லவே" என்கிறது. 23 ஆண்டுகள் ஸ்பீக்கர் தூக்கினவனைப் பற்றிய வசனம் அங்கே இருந்தது ஐயா. நீங்கள் அதற்கு நான்கு வரி முன்னால் வேதாகமத்தை மூடினீர்கள்.

நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எந்த மூன்று ஆராதனைகளில் வாசித்தீர்களோ அதே மூன்றிலும், திரும்பப் பெற்றோம் என்று வாசியுங்கள். வேறு ஆலயத்துக்குப் போன கிறிஸ்தவரை மறுதலித்தவர் என்று அழைப்பதை நிறுத்துங்கள். உங்கள் கையால் முழுக்கு வாங்கியவர்களை இரண்டாம் முறை தண்ணீரில் இறக்காதீர்கள்.

சாகக் கிடக்கும் ஒருவர் இராப்போஜனம் கேட்டால், அவர் எந்தச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தாலும், மறுக்கக்கூடாது என்று உங்கள் மூப்பர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். துக்க வீட்டில் செத்தவரின் இரட்சிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள்.

என் தம்பி மகனை வரும் ஞாயிறே கீபோர்டுக்குத் திரும்பக் கூப்பிடுங்கள். அவன் உங்கள் சபையை விடவில்லை. இத்தனைக்குப் பிறகும் காலை ஏழு மணிக்கே போய் ஒயர்களைப் பிரித்துவைக்கிறான், அப்பா செய்ததைப் போல. அவன் அம்மாவும் உங்கள் விசுவாசிதான். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் தம்பியின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். உங்கள் சுற்றறிக்கையால், சொந்தக் கணவனின் நினைவு ஜெபத்துக்கு வரலாமா கூடாதா என்று அவள் என்னிடம் போனில் கேட்டாள். வரலாம் என்று அவளுக்கு நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் அவளுக்குப் போதவில்லை.

கடைசியாக, நீங்களும் வாருங்கள். பிரசங்கம் வேண்டாம். அதே கூடம், அதே மூலை, அம்மா அங்கேதான் உட்கார்ந்திருப்பார். எபிரெயர் ஆறாம் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் அவருக்கு வாசியுங்கள். அன்று பேசிய அதே சத்தத்தில் வாசியுங்கள், அப்போதுதான் அவருக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா,
பெரம்பூர், சென்னை.